வந்து சேர்ந்தவை

எலெக்ட்ரானிக் சிட்டி, இரண்டாம் கட்டம், நான்காம் மாடி.
ஐரோப்பாவில் காணாமல்போன திருகாணிகளைத் தேடுவது
என் வேலை.

செக் நாடு நாற்பது டன் அனுப்பினேன் என்கிறது.
டென்மார்க் முப்பத்தாறுதான் வந்தது என்கிறது.
நடுவில் கிடக்கும் ஜெர்மனி வாயே திறக்கவில்லை.
எல்லையில் சுங்கச்சாவடி கிடையாது,
லாரியை ஓரங்கட்டித் தார்ப்பாயைத் தூக்கிப் பார்க்க
ஆள் கிடையாது.
அந்த நாலு டன் எங்கே என்று
என்னைக் கேட்கிறார்கள்,
ஓசூரிலிருந்து தினம் பஸ் மாறி வருகிறவளை.

சில நாள் அகப்பட்டுவிடும்.
யாரோ ஒரு கணக்கர் கிலோவை
எண்ணிக்கைக் கட்டத்தில் போட்டிருப்பார்.
எட்டு இலக்கக் குறியீட்டில் கடைசி எண் புரண்டு
திருகாணி வெறும் ஆணியாகியிருக்கும்.
ஒருமுறை, ஏதோ ஒரு துறைமுகத்துக் கிடங்கில்
படிவம் நிரப்பும் பெண்ணுக்குப் பிரசவ விடுப்பு.
மூன்று மாதம்
அந்தக் கிடங்குக்கு எதுவுமே வந்து சேரவில்லை.

இனி அந்தத் தொல்லை இல்லை.
பெற்றவரைக் கேட்கப்போவதே இல்லையாம்.
அனுப்பியவர் சொன்னதை அவர் நாட்டு அலுவலகம் வாங்கி
மற்ற நாட்டு அலுவலகத்துக்குப்
பூட்டிய கோப்பாய் அனுப்பிவிடும்.
ஒரே சரக்கை இருமுறை எண்ணுவது வீண்,
சின்ன வியாபாரிக்குப் படிவம் பெரும் பாரம்,
என்றார் திரையில் ஹானெலோரே.
அவர் ஜன்னலில் பனி விழுந்துகொண்டிருந்தது.
நியாயம்தானே. தலையாட்டினேன்.
'வரவு' என்னும் பத்தியை நீக்கிச் சோதிக்கும் பொறுப்பு
எனக்கும் நாகவேணிக்கும்.

நாகவேணி சிரித்தாள்:
கொட்டோனு கோடங்கி, இஸ்கொண்டோனு ஈரபத்ரா.
கொடுத்தவன் கோமாளி, வாங்கினவன் வீரபத்திரன்.
அவள் பாஷையில் கோடங்கி குரங்கு, கோமாளி.
எங்கள் பக்கம் கோடங்கி என்றால்
உடுக்கை அடித்துக் குறி சொல்கிறவர்.
எனக்கு என் பாஷையில்தான் கேட்டது.
அனுப்பியவர் உடுக்கை அடிப்பார்,
வந்ததாய் ஆகிவிடும்.

பேகூர் ரோடு வீட்டைக் காலிசெய்து ஏழு மாதம்.
பத்து மாத வாடகை அட்வான்ஸ், ஒரு லட்சத்துப் பத்தாயிரம்.
வெள்ளையடிக்க இவ்வளவு, விரிந்த வாஷ்பேசினுக்கு இவ்வளவு,
மிச்சம் அன்றைக்கே அனுப்பியாயிற்றே மேடம்
என்கிறார் சுதீந்திர ராவ்,
ஒவ்வொரு முறையும் புதுசாய் ஆச்சரியப்பட்டு.
என் பாஸ்புக்கில் இல்லை.
அவர் குரலில் இருக்கிறது.
இந்தப் புது விதிப்படி
வழக்கு அவர் பக்கம்.

மாலை ஐந்தரைக்குச் சோதனையை ஓட்டினோம்.
வரவுப் பத்தி போயிற்று.
செலவுப் பத்தி மட்டும் திரை நிறைய.
வித்தியாசம் என்ற கட்டத்தில்,
பதினோரு வருஷமாய் ஒருநாளும் அடங்காத கட்டத்தில்,
பூஜ்யம்.
நாகவேணி கைதட்டினாள்.
ஹானெலோரே இதயப் பொம்மை ஒன்று அனுப்பினார்
(வந்தது).
சண்டைக்கு ஓர் ஆளை வெளியே அனுப்பிவிட்டால்
வீடு அமைதியாகத்தான் இருக்கும்.

பழைய பத்தியை அழிக்கச் சொல்லியிருந்தார்கள்.
பென்டிரைவுக்கு அங்கே அனுமதி இல்லை.
அந்த நாலு டன்னை மட்டும்
டிபன்பாக்ஸ் சுற்றிய தாளில் எழுதிக்கொண்டேன்.
எதற்கென்று தெரியாது.

அத்திபெலேயில் பஸ் நின்று ஊர்ந்தது.
வரி வாங்கிய பழைய செக்போஸ்ட் கொட்டகையில்
இப்போது ஒருவர் ஹெல்மெட் விற்கிறார்.
எதிர்ப்பக்கம், கலாசிபாளையம் போகும் லாரி,
கட்டு தளர்ந்த தார்ப்பாய்,
பள்ளத்தில் இறங்கி ஏறிய குலுக்கலில்
முட்டைக்கோஸ்கள் சாலையில் உருண்டன.
டிரைவர் பார்க்கவில்லை.
அனுப்பியவர் சீட்டில் அவை இன்னும் லாரியில்தான்.

ஜன்னலில் நெற்றியை ஒட்டி எண்ணினேன்.
ஒன்பது.
ஒன்று எங்கள் பஸ் சக்கரத்தடியில்,
எட்டரை என்று வைத்துக்கொள்ளலாம்.